சுருக்கம் சுவராகலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

நூலுக்குரிய அழகுகளைப் பத்தாக வகுத்த நன்னூலார், சுருங்கச் சொல்வதை முதலாவதாக வைத்தார். அதற்கு அடுத்த இடத்திலேயே விளங்க வைப்பதையும் வைத்தார். இவ்விரண்டும் ஒரே நுகத்தில் பூட்ட வேண்டிய இரட்டைக் காளைகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றொன்றை மட்டும் ஓட்டினால் வண்டி வரப்பில்தான் ஏறும். இன்றைய அலுவலகங்களின் இணையப் பக்கங்களில் நடப்பது அதுவே. சுருக்கம் மிகுந்திருக்கிறது, விளக்கம் காணாமற் போயிருக்கிறது.

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! இணையப் பக்கத்தில் ஒரு சுருக்கச் சொல் முதன்முதலாக வரும் இடத்திலேயே அதன் விரிவை எழுதிக் காட்ட வேண்டும். அந்த விரிவைக் கணிப்பொறியும் அறிந்துகொள்ளுமாறு குறியிட்டு வைக்க வேண்டும். தமிழர் படிக்கும் பக்கமானால் அதைத் தமிழில் வைக்க வேண்டும். இதுவே என் கருத்து. இது ஒரு சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் என்னைப் போல, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு இது உதவித்தொகை, சான்றிதழ், வழக்கு, வயல் என வாழ்க்கையின் பல பக்கங்களையும் தொடுகின்ற செய்தி.

சுருக்கம் நமக்குப் புதிதன்று

சுருக்கிச் சொல்வது தமிழனுக்குப் பழக்கமான கலை. தஞ்சாவூரைத் தஞ்சை என்றோம். புதுச்சேரியைப் புதுவை என்றோம். இலக்கணம் அதற்கு மரூஉ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று ஒலி குறுகுவதற்கும் நம் இலக்கணத்தில் இடம் உண்டு. நான் குடியிருக்கும் ஒத்தக்கடையின் பெயரே ‘ஒற்றைக் கடை’ பேச்சு வழக்கில் தேய்ந்த உருவந்தான். ஆனால் இப்பெயரைக் கேட்ட எவரும் பொருள் தெரியாமல் திகைப்பதில்லை. மூலச் சொல்லின் நிழல் அதில் தெரிகிறது.

எழுத்திலும் சுருக்கக் குறிகள் நம்மிடம் இருந்தன. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺ என்று எட்டுக் குறிகள். பழைய பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் இவை நிறைந்திருக்கும். இன்றும் சில திருமணப் பத்திரிகைகளில் முதல் மூன்றையும் காணலாம். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்கோடு நான்காம் பதிப்பில் இவ்வெட்டுக் குறிகளுக்கும் இடம் கிடைத்தது. ஆகவே கணிப்பொறியிலும் இவற்றை எழுதலாம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. இக்குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், பத்திரம் எழுதுவோருக்குத் தெரியும். நிலத்தை உழுதவனுக்குத் தெரியாது. தன் நிலத்தின் கணக்கைத் தானே படிக்க முடியாமல் அவன் கைகட்டி நின்றான். பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவிகள் 1980-ல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டன. பதவி போயிற்று. ஆனால் ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது’ என்ற அந்த எழுத்தின் அதிகாரம் போயிற்றா? வேறு உடை உடுத்திக்கொண்டு இணையப் பக்கங்களில் வந்து அமர்ந்துகொண்டது என்பதே என் எண்ணம்.

ஒத்தக்கடையில் நின்று பார்த்தால்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் யானைமலையின் அடிவாரத்தில் இருப்பது எங்கள் ஊர். இங்கே நின்று சுற்றிலும் பார்த்தாலே இந்தச் சிக்கல் முழுவதும் தெரியும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் எங்கள் ஊருக்கு அருகில் தொடங்கப்பெற்றது. தென் மாவட்டங்களிலிருந்து நாள்தோறும் மக்கள் வந்து இறங்குகிறார்கள். வழக்கின் நிலையை இன்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது பெரிய வசதி. ஆனால் பார்ப்பவர் கண்ணில் படுவது என்ன? ‘டபிள்யூ.பி.’, ‘எஸ்.ஏ.’, ‘சி.ஆர்.பி.’, ‘சி.எம்.ஏ.’ என்ற எழுத்துக்கள். முதலாவது நீதிப் பேராணை மனு. அடுத்தது இரண்டாம் மேல்முறையீடு. மூன்றாவது உரிமையியல் சீராய்வு மனு. நான்காவது உரிமையியல் பல்வகை மேல்முறையீடு. வழக்கு எண்ணோடு ‘எம்.டி.’ என்றும் வரும். அது மதுரையைக் குறிப்பது. நம் ஊரில் எம்.டி. என்றால் பெரிய டாக்டர். கம்பெனிக்காரரிடம் சொன்னால் மேலாண்மை இயக்குநர். ஒரே இரண்டு எழுத்து, மூன்று பொருள்! பொருள் தெரிந்த வழக்கறிஞருக்கு அது வசதி. பூர்வீகக் காணிக்காகப் பத்தாண்டுகள் அலைந்தவருக்கு அது பூட்டிய கதவு.

சாலையின் மற்றொரு புறத்தைப் பார்ப்போம். 1965-ல் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரி எங்கள் ஊரின் பெருமைகளுள் ஒன்று. வேளாண்மைத் துறையினர் நெல் இரகங்களுக்கு இடும் பெயர்களைப் பாருங்கள். ஏ.டி.டி. 43, ஏ.எஸ்.டி. 16, கோ 51, டி.பி.எஸ். 5, எம்.டி.யு. 5. இவற்றை வெறும் எழுத்தாகப் படித்தால் வாய்பாடு போல இருக்கிறது. விரித்துப் பார்த்தாலோ தமிழ்நாடே விரிகிறது! ஏ.டி.டி. என்பது ஆடுதுறை, ஏ.எஸ்.டி. என்பது அம்பாசமுத்திரம்; கோ என்பது கோயம்புத்தூர்; டி.பி.எஸ். என்பது திருப்பதிசாரம், எம்.டி.யு. என்பது நம் மதுரை. எந்த ஊர் ஆராய்ச்சி நிலத்தில் பிறந்த நெல் என்பதை அந்த எழுத்துக்களே சொல்லுகின்றன. இந்த விரிவை ஒரு முறை சொல்லிவிட்டால் உழவர் அதை ஆயுள் முழுதும் மறக்கமாட்டார். சொல்லாவிட்டால், விதைக்கடைக்காரர் சொன்னதுதான் வேதம்.

மக்கள் தாங்களாகவே விரித்துக்கொண்டதும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் நீண்ட பெயரும் அதற்கேற்ற சுருக்கமும் இருந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு ‘நூறு நாள் வேலை’ என்றார்கள். சட்டத்தின் சாரம் முழுவதும் மூன்று சொல்லில் அடங்கிவிட்டது. சுருக்கமும் விளக்கமும் ஒன்றாக நடக்க முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

கணிப்பொறி காட்டும் வழி

இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். மேலெழுத்தைப் பிணைத்துக் காட்டும் குறிமொழி என்று இதனை விரிக்கலாம். இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று ஒவ்வொன்றுக்கும் குறியிட்டுச் சொல்வது அதன் வேலை. 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் நான்காம் பதிப்பு வெளிவந்தபோது, ‘இது ஒரு சுருக்கச் சொல்’ என்று காட்டுவதற்கும் ஒரு குறி வந்தது. அதன் பெயர் ‘ஏபிபிஆர்’. சுருக்கச் சொல்லின் முன்னும் பின்னும் இக்குறியை இட்டு, ‘டைட்டில்’ என்ற பண்பில் அதன் விரிவை எழுதி வைத்தால் போதும். படிப்பவர் சுட்டியை அச்சொல்லின்மேல் கொண்டு நிறுத்தியதும் விரிவு ஒரு சிறு பெட்டியில் தோன்றும். சில உலாவிகள் அச்சொல்லின் கீழே புள்ளிக் கோடும் இட்டுக் காட்டும்.

அதே பதிப்பில் ‘அக்ரனிம்’ என்று இன்னொரு குறியும் இருந்தது. இஸ்ரோ, யுனெஸ்கோ என ஒரே சொல்லாக ஒலிப்பவற்றுக்கு ஒன்று, டி.என்.பி.எஸ்.சி. என எழுத்தெழுத்தாக ஒலிப்பவற்றுக்கு மற்றொன்று என்று சிலர் பிரித்தார்கள். வேறு சிலர் மறுத்தார்கள். இதற்கிடையே அன்று பெருவழக்காக இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி, தன் ஆறாம் பதிப்பு வரையிலும் ‘ஏபிபிஆர்’ குறியைக் கண்டுகொள்ளவே இல்லை. 2006-ல் வந்த ஏழாம் பதிப்பே அதை ஏற்றது. இறுதியில் 2014-ல் ஐந்தாம் பதிப்பு உறுதியானபோது ‘அக்ரனிம்’ கைவிடப்பட்டு ‘ஏபிபிஆர்’ ஒன்றே நிலைத்தது. அறிஞர்கள் பெயரைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் படிப்பவன் விரிவில்லாமலே படித்துக்கொண்டிருந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அது மட்டும் போதுமா?

நம் செய்முறை வகுப்பில் இக்குறியைப் பழகும்போது, ‘ஆகா, சிக்கல் தீர்ந்தது’ என்றே தோன்றும். ஆனால் வகுப்பறையை விட்டு வெளியே வந்து பார்த்தால் நான்கு குறைகள் கண்கூடு.

முதலாவது, நம் வீடுகளில் கணிப்பொறி இல்லை, கைப்பேசிதான் இருக்கிறது. கைப்பேசிக்குச் சுட்டி ஏது? விரலால் தொடலாமே ஒழிய, விரலைச் சொல்லின்மேல் மிதக்க வைக்க முடியாது. ஆகவே அந்தச் சிறு பெட்டி தோன்றுவதில்லை. விரிவு பக்கத்துக்குள்ளேயே இருந்தும் படிப்பவர் கண்ணுக்கு எட்டாமற் போகிறது.

இரண்டாவது, இ-சேவை மையம். அங்கே கணிப்பொறி உண்டு, சுட்டியும் உண்டு. ஆனால் அது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில். திரையும் அவரைப் பார்த்தே இருக்கிறது. விண்ணப்பம் யாருடையதோ, அவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். விரிவு தோன்றினாலும் அது தோன்ற வேண்டியவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, அச்சு. நம் மக்கள் எதையும் தாளில் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டால்தான் நிம்மதி அடைவார்கள். சுட்டி வைத்தால் தோன்றும் விரிவு தாளில் வராது. அச்சுக்கென்று தனி ஒப்பனை விதி எழுதி அதை வரவழைக்கலாம். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்பவர் மிகச் சிலரே.

நான்காவது, பார்வையற்ற நண்பர்கள். இவர்கள் எழுத்தை ஒலியாக்கிப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியே படிப்பவர்கள். என்.வி.டி.ஏ. என்ற வாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழும் படிக்கும். ஆனால் பல வாசிப்பான்கள், நாமே அமைப்பை மாற்றிக்கொண்டாலொழிய, ‘டைட்டில்’ பண்பில் உள்ளதைப் படிப்பதில்லை. எழுத்தை மட்டும் உச்சரித்துவிட்டு மேலே போய்விடும். 2008-ல் வெளிவந்த உலகளாவிய அணுகல் வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பு, சுருக்கங்களின் விரிவை அறிய வழி இருக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் அதை மூன்று படிகளுள் மிக உயர்ந்த மூன்றாம் படியில் வைத்துவிட்டது. 2023-ல் வந்த நம் நாட்டு அரசு இணையத்தளங்களுக்கான நெறிமுறையோ இரண்டாம் படியையே இலக்காகக் கொள்கிறது. இடையில் இருக்கும் அந்த ஒரு படியில் எத்தனை பேர் கால் இடறுகிறார்கள்!

ஆகவே குறி வேண்டும். ஆனால் குறியை நம்பி விரிவை ஒளித்து வைக்கக் கூடாது. விரிவு எழுத்தாகவே பக்கத்தில் நிற்க வேண்டும். குறி அதற்குத் துணையாக இருக்கட்டும்.

மூன்று நாட் கூலி

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். என் தந்தை கட்டட வேலைக்கும் தாய் வயல் வேலைக்கும் செல்பவர்கள். எனக்கு வர வேண்டிய ஓர் உதவித்தொகை வரவில்லை. நிலவரம் காட்டும் பக்கத்தில் ‘என்.பி.சி.ஐ. இன்ஆக்டிவ்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. விரிவும் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. வங்கிக் கணக்கு பள்ளி நாளில் அம்மா பெயரும் சேர்த்துத் தொடங்கியது. எனவே அம்மாவும் வேலையை விட்டுவிட்டு என்னோடு வங்கிக்கு வந்தார்கள்.

முதல் நாள், “ஆதார் சேர்த்தாச்சேம்மா, இதுல ஒரு குறையும் இல்லையே” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள், அந்தப் பக்கத்தை அச்செடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துச் சென்றோம், தாளிலும் அதே எழுத்துக்கள்தாம் இருந்தன. மூன்றாம் நாள், வயது முதிர்ந்த அலுவலர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கணக்கோடு ஆதார் எண்ணைச் சேர்ப்பது ஒன்று. ‘அரசு தரும் பணம் இந்தக் கணக்குக்கே வரட்டும்’ என்று ஒப்புதல் கொடுத்து, பணப் பரிமாற்றத்துக்கான தேசியக் கழகத்தின் பதிவேட்டில் ஏற்றுவது மற்றொன்று. எங்களுக்கு முதலாவது நடந்திருந்தது, இரண்டாவது நடக்கவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்திட்டோம், வேலை முடிந்தது.

திரும்பி வரும்போது அம்மா சொன்னார்கள்: “இத அன்னைக்கே எழுதிப் போட்டிருந்தா மூணு நாள் கூலி மிஞ்சியிருக்கும்லய்யா.”

இந்த ஒரு வாக்கியத்தில் இக்கட்டுரையின் சாரம் முழுவதும் இருக்கிறது. அதோடு இன்னோர் உண்மையும் இருக்கிறது. விரிவு வேறு; விளக்கம் வேறு. அந்த நான்கு எழுத்துக்கு நேராக ‘நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா’ என்று எழுதியிருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் விளங்கியிராது. ‘அரசுப் பணம் பெறும் கணக்காக உங்கள் கணக்கு இன்னும் பதிவாகவில்லை, வங்கியில் ஒப்புதல் படிவம் கொடுங்கள்’ என்று எழுதியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆங்கில எழுத்துக்களைத் தமிழில் ஒலிபெயர்த்து வைப்பதால் அது தமிழாகிவிடாது. ஆங்கிலம் அறிந்தவனாவது முதலெழுத்தைக் கொண்டு சொல்லை ஊகிப்பான். தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு ‘என்’ என்பதும் ‘பி’ என்பதும் எதன் முதலெழுத்து?

மறுப்பும் விடையும்

‘எல்லாவற்றையும் விரித்து எழுதினால் பக்கம் நீண்டுவிடுமே, அறிந்தவர்களுக்குச் சலிப்பு உண்டாகுமே’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் எல்லாவற்றையும் விரிக்கச் சொல்லவில்லை. ஏ.டி.எம். என்பதை யாரும் விரித்துப் படித்துப் பணம் எடுப்பதில்லை, அச்சுருக்கமே சொல்லாகிவிட்டது. கி.மு., கி.பி. ஆகியவையும் பள்ளிப் பாடத்திலேயே நமக்குப் பழகியவை. எச்சுருக்கத்தைப் படித்து ஒருவர் ஏதேனும் ஒரு செயலைச் செய்ய வேண்டுமோ, ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டுமோ, ஓர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டுமோ, அதை விரித்தே ஆக வேண்டும். அதுவும் ஒரு பக்கத்தில் ஒரு முறை, முதல் இடத்தில் விரித்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, விண்ணப்பங்களில் ‘ஐ.எப்.எஸ்.சி.’ என்று ஒரு கட்டம் வருகிறது. அதன் அருகில், ‘உங்கள் வங்கிக் கிளையைக் காட்டும் 11 இடக் குறியீடு, பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும், ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம்’ என்று எழுதினால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாமையால், பூஜ்யத்துக்குப் பதிலாக ‘ஓ’ எழுத்தை இட்டுத் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் வீணாக்கும் பொழுது அதனினும் பெரிது.

‘படித்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறீர்களே, நீங்கள் சொல்லித் தரலாமே’ என்பது இன்னொரு மறுப்பு. சொல்லித் தருகிறோம். தெருவில் உள்ள விண்ணப்பங்கள் பலவும் எங்கள் கைக்கே வருகின்றன. அதில் எங்களுக்குப் பெருமையே. ஆனால் ஒரு பக்கத்தை எழுதியவர் ஒருமுறை செய்திருக்க வேண்டிய வேலையை, ஊர்தோறும் ஆயிரம் பேர் ஆயிரம் முறை செய்வது எவ்விதத்தில் சிக்கனம்? மேலும், சொல்லித் தருபவன் நாளடைவில் அடுத்த கணக்கப்பிள்ளை ஆகிவிடக் கூடாதே என்ற அச்சமும் எனக்கு உண்டு.

நாம் செய்யக் கூடியவை

குறை கூறுவதோடு நின்றுவிடுவது மாணவனுக்கு அழகாகாது. நம் கல்லூரி அளவில் மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, கணிப்பொறித் துறையின் வலை வடிவமைப்புச் செய்முறை வகுப்பில், கற்பனையான கடைக்குப் பக்கம் அமைப்பதற்குப் பதிலாக, நம் பெற்றோர் உண்மையாகவே நிரப்பும் ஒரு விண்ணப்பத்தை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சுருக்கங்களை முதலிடத்தில் விரித்து எழுதி, ‘ஏபிபிஆர்’ குறியும் இட்டு, கைப்பேசியில் ஒரு முறை, தாளில் ஒரு முறை, திரைவாசிப்பானில் ஒரு முறை சோதித்துப் பார்ப்போம். மதிப்பெண்ணும் கிடைக்கும், பயனும் கிடைக்கும்.

இரண்டு, தமிழ்த் துறைப் பேராசிரியர்கள் அந்த விரிவுகளைத் திருத்தித் தர வேண்டும். அகராதித் தமிழாக அமைந்தால் மறுபடியும் அது ஒரு சுவரே. ‘நூறு நாள் வேலை’ என்று சொன்ன பெண்களின் தமிழே நமக்கு அளவுகோல்.

மூன்று, இவ்வாறு சேரும் சுருக்கங்களையும் விளக்கங்களையும் ஒரு பட்டியலாக்கிக் கல்லூரி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கல்லூரியின் இணையப் பக்கத்திலும் இடுவோம். முதலாண்டு சேர்க்கைக்குப் பிள்ளையோடு வந்து, வாசலில் தயங்கி நிற்கும் தாய் தந்தையர் முதலில் காண்பது அதுவாக இருக்கட்டும்.

யானைமலையின் நரசிங்கர் குடைவரையில் கி.பி. 770-ஆம் ஆண்டுக் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படிக்க இன்று கல்வெட்டறிஞர் வேண்டும். அதற்காக வெட்டியவனைக் குறை சொல்ல முடியாது, எழுத்து மாறிவிட்டது. ஆனால் இன்று எழுதி இன்றே படிப்பதற்காக இடும் பக்கத்துக்கும் ஓர் அறிஞர் தேவைப்படுமானால், குற்றம் படிப்பவருடையது ஆகாது. கல்லில் வெட்டியதைத் திருத்துவது அரிது. இணையப் பக்கத்தைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடும் மனத்தை, நாளை அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் நிரலாளர்களாகவும் போக இருக்கும் நாம், இக்கல்லூரியிலிருந்தே எடுத்துச் செல்வோமாக!